பதியாத காகிதம், பதிந்த ஒப்பந்தம்: தோப்பு யாருக்கு?

கேள்வி: வக்கீல் சார், நான் தம்மாமில் வேலை பார்க்கிறேன். புதுமடம் பக்கம் கடலோரமாக ஒரு ஏக்கர் 62 செண்ட் தென்னந்தோப்பை, மாமா முறை உள்ள ஒருவரிடம் 2022 ஜூன் 1 முதல் ஐந்து வருடக் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். குத்தகைப் பத்திரம் பதிவாகியிருக்கிறது. அன்றைக்கே 100 ரூபாய் முத்திரைத்தாளில் தனியாக ஒன்று எழுதிக்கொண்டோம். ‘குத்தகை முடிவதற்குள் எழுத்து மூலம் கேட்டால் செண்டு ₹22,000 வீதம் உனக்கே கிரயம் செய்து தருகிறேன். இதற்காக ₹1,00,000 பெற்றுக்கொண்டேன். அதைக் கிரயத் தொகையில் கழித்துக்கொள்ள வேண்டியது. கேட்ட 90 நாளுக்குள் மீதியைச் செலுத்த வேண்டியது’ என்று அதில் இருக்கிறது. அதைப் பதிவு செய்யவில்லை. இப்போது வில்லங்கம் போட்டுப் பார்த்தால், 2025 நவம்பரில் மதுரைக்காரர் ஒருவருக்குச் செண்டு ₹48,000 விலை பேசி, ₹15 லட்சம் முன்பணம் வாங்கி, 11 மாதக் கெடுவில் கிரய ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறது. இது போதாதென்று, 2019 அக்டோபரில் உள்ளூர்ப் புரோக்கர் ஒருவருக்கும் ₹2 லட்சம் வாங்கிக்கொண்டு ஆறு மாதக் கெடுவில் பதியாத ஒப்பந்தம் எழுதிக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். தோப்பை என் தம்பிதான் பார்த்துக்கொள்கிறான். போன பெருநாளுக்கு வந்தபோது ‘நானே வாங்கிக்கிறேன் மாமா’ என்று நேரில் சொல்லிவிட்டேன். இப்போது அவர் போனை எடுப்பதில்லை. யாருக்கு முதல் உரிமை?

பதில்: தம்பி, ‘மாமன் மச்சானுக்குள்ள எதுக்குப் பதிவு’ என்று அன்றைக்கு யாரோ ஒருவர் சொல்லியிருப்பார். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எனக்கு வரும் நில வழக்குகளில் பாதி இந்த ஒரு வாக்கியத்தில் தொடங்குபவை. சரி, நடந்தது நடந்துவிட்டது. உங்கள் நிலைமை நீங்கள் பயப்படும் அளவுக்கு மோசமில்லை. ஆனால் சும்மா இருந்தால் மோசமாகும்.

முதலில், உங்கள் கையில் இருப்பது என்ன என்று பார்ப்போம். அது கிரய ஒப்பந்தம் அல்ல, ஆப்ஷன். கிரய ஒப்பந்தத்தில் இரண்டு பேரும் கட்டுப்பட்டவர்கள். விற்கிறவர் விற்க வேண்டும், வாங்குகிறவர் வாங்க வேண்டும். ஆப்ஷனில் மாமா மட்டும் கட்டுப்பட்டிருக்கிறார். வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம். வெறும் வாய்வார்த்தையாக அப்படி ஒரு சலுகை கொடுத்திருந்தால், நீங்கள் ஏற்றுக்கொள்வதற்கு முன் அவர் எப்போது வேண்டுமானாலும் வாபஸ் வாங்கலாம். ஆனால் அதற்காக ஒரு லட்சம் வாங்கி, கையெழுத்தும் போட்டிருக்கிறார். அதனால் 2027 மே 31 வரை அவரால் கதவைச் சாத்த முடியாது.

இந்தச் சலுகைக்கு ஒரு விலை உண்டு. ஆப்ஷனை எழுதியிருக்கிற படியே, எழுதியிருக்கிற கெடுவுக்குள் பயன்படுத்த வேண்டும். சாதாரண நில ஒப்பந்தத்தில் கெடு கொஞ்சம் முன்பின் ஆனால் கோர்ட் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. ஆப்ஷனிலும், விற்றவரே திரும்ப வாங்கிக்கொள்ளும் மறுகிரய ஒப்பந்தத்திலும் அந்தத் தாராளம் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் அறுபதுகளிலேயே சொல்லிவிட்டது. உங்கள் காகிதத்தில் ‘எழுத்து மூலம்’ என்று இருக்கிறது. பெருநாளுக்குத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னது எழுத்து மூலம் ஆகாது. அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

இனி, யார் முதல் என்ற கேள்வி. இங்கிலாந்துச் சட்டத்தில் ஆப்ஷன் வாங்கியவருக்கு நிலத்திலேயே ஒருவகைப் பாத்தியதை வந்துவிடும். 1882-ல் ஒரு ரயில்வே கம்பெனியின் வழக்கில் அப்படித்தான் தீர்ப்பானது. அதனால் அங்கே இரண்டு பேர் ஆப்ஷனோடு வந்து நின்றால், மற்றதெல்லாம் சமமாக இருக்கும்போது காலத்தால் முந்தியவருக்கு முதலிடம். நம்மூரில் அப்படி இல்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54-வது பிரிவு, கிரய ஒப்பந்தம் மட்டும் நிலத்தின் மேல் எந்தப் பாத்தியதையையும் உண்டாக்காது என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்கிறது. ஆக, உங்களுக்கோ மதுரைக்காரருக்கோ புரோக்கருக்கோ அந்தத் தோப்பில் ஒரு மட்டையளவு பாத்தியதையும் இன்றைக்குக் கிடையாது. மூன்று பேருக்கும் இருப்பது மாமாவின் மேல் உள்ள பிடி மட்டும். நீங்கள் கட்டிய கயிறு தென்னையில் இல்லை, மாமாவின் இடுப்பில் இருக்கிறது.

அப்படியானால் அவர் வேறொருவருக்கு விற்றுவிட்டால் கயிறு அறுந்துபோகுமா? அதற்குத்தான் அதே சட்டத்தின் 40-வது பிரிவு. அதில் ஒரு சின்ன உதாரணம் வருகிறது. ‘அ’ என்பவர் சுல்தான்பூரை ‘ஆ’வுக்கு விற்க ஒப்புக்கொள்கிறார். ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போதே ‘இ’க்கு விற்றுவிடுகிறார். அந்த ஒப்பந்தம் இருப்பது ‘இ’க்குத் தெரியும். அப்போது ‘ஆ’ தன் ஒப்பந்தத்தை ‘அ’வின் மேல் எப்படி நிறைவேற்றிக்கொள்ள முடியுமோ, அதே அளவுக்கு ‘இ’யின் மேலும் நிறைவேற்றிக்கொள்ளலாம். குறிப்பிட்ட தீர்வுகள் சட்டம் (Specific Relief Act) 19(ஆ) இதையே மறுபக்கத்திலிருந்து சொல்கிறது: விலை கொடுத்து, நல்லெண்ணத்தோடு, முந்தைய ஒப்பந்தம் தெரியாமல் பணத்தைச் செலுத்திவிட்டவர் மட்டும் தப்பித்துக்கொள்வார். ‘பணத்தைச் செலுத்திவிட்டவர்’ என்ற சொல்லை நன்றாகக் கவனியுங்கள். மதுரைக்காரர் இதுவரை செலுத்தியது 15 லட்சம். 162 செண்டுக்கு அவர் பேசிய விலை ₹77,76,000. இன்னும் அறுபத்திரண்டு லட்சத்துக்கு மேல் பாக்கி, கிரயமும் ஆகவில்லை. இப்போது உங்கள் காகிதம் அவருக்குத் தெரிந்துவிட்டால், அதன்பிறகு மீதியைக் கொடுத்துக் கிரயம் வாங்கினாலும் ‘தெரியாமல் வாங்கினேன்’ என்று அவர் சொல்ல முடியாது.

அதனால் உங்கள் வழக்கில் பத்திரத்தின் தேதியைவிட, மற்றவர் பணம் கொடுக்கும்போது அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதுதான் எடை கூடியது.

‘அவருடையது பதிவானது, என்னுடையது பதியாதது’ என்பது உங்கள் பெரிய கவலை. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தங்களைக் கட்டாயம் பதிய வேண்டும் என்பது உண்மை. பதியவில்லை என்பதற்காகக் காகிதமே செத்துவிட்டதா என்று கீழ்க்கோர்ட்டுகளில் வெகுநாள் சண்டை நடந்தது. 2023-ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது: பதியாத கிரய ஒப்பந்தத்தை, அதை நிறைவேற்றித் தரக் கேட்கும் வழக்கில் சாட்சியமாகத் தாக்கல் செய்யலாம். உங்கள் ஆப்ஷனுக்கும் அந்த வாசல் திறந்திருக்கிறது என்பதே என் கருத்து.

பதியாததால் உங்களுக்குப் போனது வேறொன்று. பதிந்திருந்தால் வில்லங்கச் சான்றில் வந்திருக்கும். கட்டாயம் பதிய வேண்டிய ஆவணம் பதிவாகிவிட்டால், பதிந்த நாளிலிருந்து உலகத்துக்கே தெரியும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்த வசதி மதுரைக்காரருக்கு இருக்கிறது, உங்களுக்கு இல்லை. ஆனால் அவருடைய பதிவு 2025 நவம்பருக்குப் பின்னால் வருகிறவர்களைத்தான் எச்சரிக்கும். 2022-ல் எழுதிய உங்கள் காகிதத்தின் மேல் அது ஏறி உட்கார முடியாது.

அப்புறம், பதிவு செய்யாத குறையைப் பாதிக்கு மேல் ஈடுகட்டும் ஒன்று உங்களிடம் இருக்கிறது. அதை நீங்கள் கடிதத்தின் கடைசியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். தோப்பு உங்கள் சுவாதீனத்தில் இருக்கிறது. ஒரு சொத்து யார் கையில் இருக்கிறதோ, அவருக்கு உள்ள உரிமையை வாங்க வருகிறவர் அறிந்தவராகவே கருதப்படுவார் என்பது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 3-வது பிரிவிலேயே இருக்கிறது. குத்தகைதாரர் கையில் இருக்கும் சொத்துக்கு விலை பேசுகிறவர் ‘குத்தகை எவ்வளவு’ என்று கேட்டுவிட்டுத் திரும்பக் கூடாது. ‘வேறென்ன எழுதியிருக்கிறீர்கள்’ என்றும் கேட்க வேண்டும். 2000-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், வாடகைதாரராக இருந்தவரிடமே கிரய ஒப்பந்தமும் இருந்தது. விசாரிக்காமல் வாங்கியவர் தோற்றார். ‘எனக்குத் தெரியாது’ என்பதைத் தொடக்கத்தில் காட்ட வேண்டியவர் பின்னால் வாங்கியவர்தான். உங்கள் குத்தகையோ பதிவானது, மதுரைக்காரர் போட்டுப் பார்த்த வில்லங்கத்திலேயே வந்திருக்கும். தோப்பில் ஆள் இருப்பது தெரியாது என்று அவர் வாய் திறக்க முடியாது.

இங்கே உங்கள் தம்பியிடம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். 2025 நவம்பருக்கு முன் தோப்பைப் பார்க்க யாராவது வந்தார்களா? இந்தக் கரையில் காரில் வந்து இறங்கி, இளநீர் குடித்துவிட்டு, ‘யாரு தோப்பு தம்பி இது’ என்று விசாரித்துப் போகிறவர்கள் நிறையப் பேர். அப்படி வந்தவரிடம் உங்கள் தம்பி ‘குத்தகைதான் சார், வேற ஒண்ணும் இல்ல’ என்று சொல்லியிருந்தால் அது நமக்குப் பெரிய ஓட்டை. மதுரைக்காரரின் ஒப்பந்தத்தில் உங்கள் தம்பியே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதைவிடப் பெரிய ஓட்டை. சிரிக்காதீர்கள், நான் பார்த்திருக்கிறேன். மாறாக ‘அண்ணன் வாங்கறதுக்குப் பேசி வச்சிருக்கு’ என்று சொல்லியிருந்தால், யார் காதில், எந்த நாளில், கூட யார் இருந்தார்கள் என்பதை இப்போதே எழுதி வைக்கச் சொல்லுங்கள். மோட்டார் கரண்ட் பில், தேங்காய் வியாபாரி சீட்டு, வேலி அடைத்த கூலிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டு வையுங்கள்.

அடுத்து அந்த 2019 புரோக்கர். இதில்தான் நீங்கள் யோசிக்காத ஒன்று இருக்கிறது. மூன்று பேரில் காலத்தால் முந்தியவர் அவர்தான். இத்தனை நேரம் நான் உங்களுக்குச் சாதகமாகச் சொன்ன சட்டம் அத்தனையும் அவருக்கும் சொந்தம். அவருடைய ஒப்பந்தம் இருக்கிறது என்பது இன்றைக்கு உங்களுக்குத் தெரிந்துவிட்டது, கடிதத்தில் நீங்களே எழுதியும் விட்டீர்கள். நீங்கள் இன்னும் முழுப் பணமும் கொடுக்கவில்லை. ஆகவே அந்த ஒப்பந்தம் உயிரோடு இருந்தால், மதுரைக்காரர் உங்கள் முன்னால் நிற்கிற மாதிரி நீங்கள் புரோக்கர் முன்னால் நிற்க வேண்டியிருக்கும்.

நல்ல வேளையாக அது உயிரோடு இருக்க வாய்ப்புக் குறைவு. கெடு குறித்த ஒப்பந்தத்தில், கெடு முடிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அவருடைய ஆறு மாதம் 2020 ஏப்ரலில் முடிந்தது. கொரோனாவுக்காக 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதால், அவருக்கு 2022 மார்ச் 1 முதல் முழு மூன்று வருடம் கிடைத்திருக்கும். அதுவும் 2025 மார்ச் தொடக்கத்தோடு போய்விட்டது. ஆனால் நம்மூரில் ஒரு பழக்கம் உண்டு. கெடு முடிந்ததும் ஒப்பந்தத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் ‘மேலும் ஒரு வருடம் காலநீட்டிப்பு’ என்று நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அந்த நாலு வரி இருந்தால் கணக்கே மாறிவிடும். எனவே அந்தக் காகிதத்தின் முன்பக்கத்தை அல்ல, பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அதோடு, அவர் எங்காவது வழக்குப் போட்டு வைத்திருக்கிறாரா என்று ராமநாதபுரம் கோர்ட்டுகளில் தேடிப் பார்க்க வேண்டும். மாமா பெயரைப் போட்டால் இணையத்திலேயே கிடைக்கும். வழக்கு நடக்கும்போது கைமாறும் சொத்து அந்த வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டது, வாங்குகிறவருக்கு வழக்கு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

இனி செய்ய வேண்டியது. இந்த வாரமே வக்கீல் மூலம் மாமாவுக்கு நோட்டீஸ் போக வேண்டும்: ‘எனக்குக் கொடுத்த உரிமையைப் பயன்படுத்துகிறேன், செண்டு ₹22,000 வீதம் 162 செண்டுக்கு ₹35,64,000, அதில் கொடுத்த ஒரு லட்சம் போக ₹34,64,000 தயாராக இருக்கிறது, 90 நாளுக்குள் கிரயம் செய்து தரவும்.’ இவ்வளவுதான். பட்டாவைச் சரி செய்து கொடுத்தால் வாங்குகிறேன், 20,000-க்குக் குறைத்தால் வாங்குகிறேன் என்று எதையும் ஒட்ட வைக்கக் கூடாது. நிபந்தனை ஒட்டிய சம்மதம் சம்மதமே அல்ல, புதுப் பேரமாகிவிடும். இதன் நகலோடு மதுரைக்காரருக்கும் அதே நாளில் தனி நோட்டீஸ். ஒப்புகை அட்டையுடன் அனுப்புங்கள். ‘பெற மறுப்பு’ என்று திரும்பி வந்தாலும் கோர்ட்டில் அது கொடுத்ததாகவே கொள்ளப்படும். பேப்பரில் பொது அறிவிப்பும் கொடுக்கலாம், ஆனால் அதை மதுரைக்காரர் படித்தார் என்று யார் நிரூபிப்பது? அஞ்சல்தான் கெட்டி. சார்பதிவாளருக்கு ஆட்சேபனை மனு கொடுப்பதில் தவறில்லை; கோர்ட் தடை இல்லாமல் வெறும் மனுவைப் பார்த்து அவர் பதிவை நிறுத்துவார் என்று மட்டும் நம்ப வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த மனுவின் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார். வாங்கப் போகிறவருக்கு ஒரு கார்டு கூடப் போடவில்லை. மறு வாரம் கிரயம் ஆகிவிட்டது.

நோட்டீஸ் போன நாளிலிருந்து உங்கள் 90 நாளும் ஓடத் தொடங்கும். ‘பணம் தயார்’ என்று எழுதினால் போதாது, தயார் என்று காட்ட வேண்டும். கோர்ட் சொல்லும் வரை பணத்தைக் கட்டத் தேவையில்லை, ஆனால் வங்கிக் கணக்கிலோ, டெபாசிட்டிலோ, அனுமதியான கடனிலோ அந்த ₹34,64,000 கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்த ஒரு இடத்தில் தோற்கிற வழக்குகள்தான் அதிகம்.

கிரயம் செய்து தராவிட்டால் மூன்று மாதம் முடிந்ததும் வழக்கு. மூன்று வருடம் இருக்கிறதே என்று இழுக்காதீர்கள். மதுரைக்காரரின் கெடு 2026 அக்டோபரில் முடிகிறது. அவர் அதற்குள் கிரயம் வாங்க ஓடுவார். வழக்கில் அவரையும் எதிர்வாதியாகச் சேர்த்துத் தடை கேட்க வேண்டும். அதற்குள் அவருக்குக் கிரயமே ஆகிவிட்டாலும் வழி இருக்கிறது: மாமாவோடு அவரும் சேர்ந்து உங்களுக்குக் கிரயம் எழுதித் தர வேண்டும் என்று தீர்ப்புக் கொடுக்கும் முறை ஐம்பதுகளிலிருந்தே இருக்கிறது. விலை ஏறிவிட்டது, மாமாவுக்கு நஷ்டம் என்ற வாதத்துக்கு, குறிப்பிட்ட தீர்வுகள் சட்டத்தில் 2018 அக்டோபர் 1-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அவ்வளவாக மதிப்பு இல்லை. ஆனால் செலவைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கோர்ட் கட்டணமே 3 சதவீதம், உங்கள் தொகைக்கு ₹1,06,920. மற்றொன்று, நீங்கள் தம்மாமில் இருந்துகொண்டு தம்பிக்குப் பவர் அனுப்பி வழக்குப் போடலாம். அந்தப் பவர் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். ஆனால் பணம் தயாராக இருந்தது, வாங்க விருப்பம் இருந்தது என்பதற்கு நீங்களேதான் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். தம்பி உங்கள் மனசுக்குச் சாட்சி சொல்ல முடியாது. லீவை அதற்கேற்ற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

தோப்பு மாமாவுக்கு எப்படி வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. தகப்பனார் வழியில் வந்ததென்றால் அவருடைய கூடப் பிறந்த பெண்களின் பங்கு என்ன ஆயிற்று? அவர்கள் கையெழுத்து இல்லாவிட்டால் உங்கள் ஆப்ஷனும் சரி, மதுரைக்காரர் ஒப்பந்தமும் சரி, மாமாவின் பங்குக்கு மேல் போகாது. தாய்ப்பத்திரத்தையும் கூட்டுப் பட்டாவா என்பதையும் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். கடல் நீர் ஏறும் உயர் ஓதக் கோட்டிலிருந்து தோப்பு எத்தனை மீட்டர் என்பதையும் பாருங்கள். மதுரைக்காரர் ரிசார்ட் கட்டும் எண்ணத்தில் இந்த விலை பேசியிருந்தால், கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் அவரை எங்கே நிறுத்தும் என்று அவருடைய வக்கீலே அவரிடம் சொல்ல வேண்டியிருக்கும். அப்போது 48,000 அவ்வளவு இனிக்காது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, இது கோர்ட்டுக்குப் போகாமல் முடிய வேண்டிய விஷயம் என்பதே என் எண்ணம். மாமாவோடு பேசுங்கள், ஆனால் நோட்டீஸ் அவர் கையில் சேர்ந்த பிறகு பேசுங்கள். அவர் போனை எடுக்காததற்குக் காரணம் கெட்ட எண்ணமாக இல்லாமல், வாங்கிய 15 லட்சம் செலவாகிவிட்டதாகவும் இருக்கலாம். அப்படியானால் அந்த 15 லட்சத்தை நீங்களே மதுரைக்காரரிடம் வங்கி மூலம் கொடுத்து, மாமாவும் அவரும் சேர்ந்து கையெழுத்திட்டு ஒப்பந்த ரத்துப் பத்திரம் பதிந்து, அந்தத் தொகையைக் கிரயத்தில் கழித்துக்கொண்டு, மீதி ₹19,64,000-ஐ மாமாவுக்குக் கொடுக்கலாம். புரோக்கருடைய இரண்டு லட்சத்தையும் அதே நாளில் மாமா கணக்கிலிருந்து திருப்பிக் கொடுத்து, அசல் ஒப்பந்தத்தைப் பின்பக்கத்தோடு வாங்கிவிடுங்கள். ரத்துப் பத்திரமும் உங்கள் கிரயமும் ஒரே டோக்கன் நாளில், ஒன்றன் பின் ஒன்றாகப் பதிவாக வேண்டும். இடையில் ஒரு இரவு கூட விடாதீர்கள்.